மலை மருத்துவமனையில் வார்டை நடத்துவது: மூத்த பயிற்சி மருத்துவர்களுக்கு

பி.ஜி. (முதுகலை மருத்துவப் படிப்பு) மூன்றாம் வருடம் தொடங்கும்போதோ, சீனியர் ரெசிடென்டாகச் சேரும்போதோ, "இனி இந்த வார்டு உங்கள் பொறுப்பு" என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. அது தானாகவே வந்து சேரும். ரோஸ்டர் போடும் நோட்டு உங்கள் கைக்கு வரும். ஹவுஸ் சர்ஜன்கள் (எம்.பி.பி.எஸ். பயிற்சி மருத்துவர்கள்) "அண்ணா", "அக்கா" என்று முதலில் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். ரவுண்ட்ஸில் யூனிட் தலைவரான சீஃப் கேள்வி கேட்கும்போது எல்லோர் கண்ணும் உங்கள் பக்கம் திரும்பும்.

இந்தப் பொறுப்பை "நிறையத் தெரிந்தவராக இருப்பது" என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நோயாளி பெரும்பாலும் ஆபத்துக்குள்ளாவது யாருக்கும் தெரியாத வியாதியால் அல்ல. இவர் பார்ப்பார் என்று அவரும், அவர் பார்ப்பார் என்று இவரும் விட்டுவிட்ட இடைவெளியில்தான். அந்த இடைவெளியை அடைப்பதே உங்கள் வேலை. நீலகிரியில் அது இன்னும் முக்கியம். கோவையில் ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றக் கால் மணி நேரம் போதும். ஊட்டியிலிருந்து கோவைக்கு 85 கிலோமீட்டருக்கு மேல். மலைப்பாதை, பனிமூட்டம், சீசன் கூட்டம் எல்லாம் சேர்ந்தால் மூன்று மணி நேரம்கூட ஆகும். இரவு 2 மணிக்கு எடுக்க வேண்டிய முடிவு காலை 8 மணிக்குத் தள்ளிப்போனால், நோயாளி கீழே கோவைக்குப் போய்ச் சேர மதியமாகிவிடும்.

ரோஸ்டர்

அடுத்த மாத ரோஸ்டருக்கு லீவு கேட்பதை 15-ம் தேதியோடு நிறுத்துங்கள். 20-ம் தேதிக்குள் வரைவு, 25-ம் தேதி சீஃப் கையெழுத்தோடு வார்டு போர்டில். தாமதமாக வரும் ரோஸ்டர்தான் பாதிச் சண்டைகளுக்குக் காரணம்.

முதலில் இரவுகளை நிரப்புங்கள், பகல் பிறகு. ஆறு பேர் இருந்தால் 30 நாள் மாதத்தில் ஆளுக்கு 5 இரவு. எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது. ஞாயிறு இரவையும் பண்டிகை இரவையும் தனிக் கட்டத்தில் எண்ணி வையுங்கள், மாதா மாதம் கூட்டிக்கொண்டே வாருங்கள். தீபாவளி பார்த்தவருக்குப் பொங்கல் வரக்கூடாது. இங்கே இன்னும் இரண்டு கணக்கு உண்டு. ஒன்று, டிசம்பர் கடைசி, ஜனவரி மாதங்களில் வரும் ஹெத்தையம்மன் திருவிழா. படுகர் சமூகத்தைச் சேர்ந்த டாக்டர்களும் சிஸ்டர்களும் ஒரே வாரத்தில் லீவு கேட்பார்கள். அதே மாதங்களில்தான் உறைபனி இறங்கி, சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) நோயாளிகள் மூச்சுத்திணறலோடு வரிசையாக வருவார்கள். இன்னொன்று மே மாத மலர்க் கண்காட்சி. ஊர் ஜனத்தொகையே ஏறிவிடும். சுற்றுலா வந்த இடத்தில் நெஞ்சுவலி, வாந்திபேதி, மாத்திரையை வீட்டில் மறந்துவிட்டு வந்த சர்க்கரைக்காரர்கள். இந்த இரண்டு காலத்துக்கும் இரவில் ஒரு ஆளைக் கூடுதலாக, வீட்டிலிருந்தே அழைக்கக்கூடியவராக, பெயர் போட்டு எழுதி வையுங்கள்.

ஹவுஸ் சர்ஜன்கள் மாறும் நாளில் பி.ஜி.க்களையும் மாற்றாதீர்கள். ஒன்றாம் தேதி காலை வார்டில் எல்லோருமே புதியவர்கள் என்றால், குளுக்கோமீட்டர் எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே ஒரு மணி நேரம் போகும். ஒரு குழு மாறினால் மற்றது குறைந்தது ஒரு வாரம் இருக்கட்டும்.

ஓய்வு விஷயத்தில் தயக்கமே வேண்டாம். மத்திய அரசின் 1992-ம் ஆண்டு ரெசிடென்சி வழிகாட்டுதல் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் பணி கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்றே சொல்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 முதுகலை விதிகள் வார விடுப்பு ஒரு நாள், வருடத்துக்குக் குறைந்தது 20 நாள் ஊதிய விடுப்பு என்கின்றன. ஆள் பற்றாக்குறையில் எல்லா இடத்திலும் இது நடப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நைட் முடித்தவரை மறுநாள் ஓ.பி.யில் உட்கார வைக்காமல் இருப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. தூங்காத கை இன்சுலின் அளவைத் தப்பாக எழுதும்.

கைமாற்றும் 20 நிமிடம்

டியூட்டி மாறும்போது நோயாளிகளை ஒப்படைப்பதற்கு ஒரு முறை இருக்க வேண்டும். அமெரிக்கா, கனடாவில் 9 குழந்தைகள் மருத்துவமனைகளில் "ஐ-பாஸ்" என்ற முறையைப் பயிற்சி மருத்துவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். 2014-ல் வந்த முடிவின்படி மருத்துவப் பிழைகள் 23 சதவீதமும், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்தன. ஒப்படைக்கும் நேரம் கூடவில்லை. அதில் ஐந்து விஷயம்தான்: எவ்வளவு மோசமாக இருக்கிறார், என்ன கதை, என்ன செய்ய வேண்டும், இப்படி ஆனால் என்ன செய்வது, கேட்டவர் திருப்பிச் சொல்வது.

நான்காவதையும் ஐந்தாவதையும்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "14-ம் பெட் சி.ஓ.பி.டி., கொஞ்சம் பார்த்துக்கோ" என்பது ஒப்படைப்பு அல்ல. இது ஒப்படைப்பு (சிவப்பு என்றால் மிக மோசமாக இருப்பவர்; பைபேப், முகமூடி வழியாக மூச்சுக்கு உதவும் கருவி; ஏ.பி.ஜி., ரத்தத்தின் வாயு அளவையும் பி.எச். என்ற அமிலத்தன்மையையும் பார்க்கும் சோதனை):

"14-ம் பெட், சிவப்பு. 62 வயது, தேயிலை எஸ்டேட் தொழிலாளி. சி.ஓ.பி.டி. முற்றி வந்தவர், மாலை 5 மணியிலிருந்து பைபேப். ஆக்சிஜன் அளவு 88 முதல் 92-க்குள் இருக்கட்டும், 98-க்கு ஏற்றாதே. இரவு 9 மணிக்கு ஏ.பி.ஜி. எடு. பி.எச். 7.25-க்குக் கீழே போனாலோ, கூப்பிட்டால் கண் திறக்காவிட்டாலோ என்னைக் கூப்பிடு, அதே நேரம் மயக்க மருத்துவரையும் கூப்பிடு. மகன் வெளியே இருக்கிறார், டியூப் போட வேண்டி வரலாம் என்று சொல்லியாச்சு."

எதிரில் இருப்பவர் இதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லும்வரை நகராதீர்கள். சொல்லும்போதுதான் "9 மணியா, 10 மணியா?" என்ற குழப்பம் வெளியே வரும்.

சிவப்பு நோயாளிகளைப் படுக்கை அருகே நின்றும், மஞ்சள், பச்சை நோயாளிகளை மேஜையிலும் ஒப்படையுங்கள். 40 படுக்கை வார்டில் சிவப்பு ஐந்தாறுக்கு மேல் இருந்தால் நிறம் போடுவதில் தப்பு இருக்கிறது, அல்லது ஐ.எம்.சி.யு.வில் (தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருக்க வேண்டியவர்கள் வார்டில் இருக்கிறார்கள். சிஸ்டர்கள் ஷிப்ட் மாறும் அதே நேரத்தில் டாக்டர்களும் மாறக்கூடாது. ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் நோயாளியைத் தெரிந்த ஒருவர்கூட வார்டில் இல்லாத அரை மணி நேரம் தினமும் இரண்டு முறை வரும்.

கைபேசிக் குழுவில் பெட் நம்பரைப் போட்டுவிட்டால் ஒப்படைத்தாகிவிட்டது என்ற பழக்கம் பரவி வருகிறது. அதை நிறுத்துங்கள். எழுத்து துணைக்கு இருக்கலாம், பேச்சுக்குப் பதிலாக அல்ல. நோயாளி பெயர், படம் எதையும் குழுவில் போடவும் கூடாது.

கூப்பிட வைப்பது

ஜூனியர்கள் இரவில் கூப்பிடாமல் இருந்தால் வார்டு நன்றாக நடக்கிறது என்று அர்த்தமில்லை. உங்களைக் கண்டு பயப்படுகிறார்கள் என்றும் இருக்கலாம். எப்போது கூப்பிட வேண்டும் என்பதை அவர்கள் தைரியத்துக்கு விடாமல், டியூட்டி அறைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள். மூச்சு நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேல். சிஸ்டாலிக் பி.பி. 90 அல்லது அதற்குக் கீழ். புதிதாகக் குழப்பம், மயக்கம். நாலு மணி நேரத்தில் சிறுநீர் 100 மில்லிக்குக் கீழ். வலிப்பு. கடைசியாக ஒன்று: சிஸ்டருக்கு நோயாளியைப் பார்த்தால் சரியாகப் படவில்லை. இருபது வருடம் வார்டில் நின்ற சிஸ்டரின் "இவர் என்னமோ மாதிரி இருக்கார் டாக்டர்" என்ற வார்த்தைக்கு எந்த எண்ணும் ஈடாகாது. அதைத் தனிக் காரணமாகவே எழுதி ஒட்டுங்கள்.

மலையில் ஆக்சிஜன் அளவைப் பற்றி ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. ஆரோக்கியமானவர்களுக்கே 94, 95 காட்டுவது சகஜம். கீழேயிருந்து புதிதாக வந்த ஹவுஸ் சர்ஜன் 94-ஐப் பார்த்து எல்லோருக்கும் மாஸ்க் போடுவார். ஒரு மாதம் கழித்து, 89-ஐப் பார்த்து "இங்கே இப்படித்தான்" என்று விட்டுவிடுவார். இரண்டாவதுதான் ஆபத்து. முதல் நாள் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிடுங்கள். அதே வகுப்பில் சிக்கிள் செல் நோயையும் (ரத்தச் சிவப்பணு அரிவாள் வடிவில் வளையும் பரம்பரை நோய்) சேருங்கள். நீலகிரிப் பழங்குடிகளிடம் இது 1952-லேயே பதிவானது. பணியர், இருளர், குறும்பர் இளைஞர் ஒருவர் உடம்பு வலி, நெஞ்சுவலி என்று வந்தால், நடிப்பு என்றோ சாதாரணக் காய்ச்சல் என்றோ முடிவு கட்டுவதற்கு முன் அதை நினைக்க வேண்டும்.

இரவு 2 மணிக்குப் போன் வந்தால் முதல் வார்த்தை "எந்த பெட்?" என்று இருக்கட்டும். "இதுக்கா கூப்பிட்ட?" என்று ஒரே ஒரு முறை கேட்டுவிட்டாலும் போதும், அடுத்த மூன்று மாதம் உங்கள் போன் அடிக்காது.

அதேபோல நீங்களும் சீஃபைக் கூப்பிடத் தயங்கக் கூடாது. கூப்பிடும்போது பிரச்சினையை மட்டும் கொட்டாமல், "சார், இரண்டு வழி இருக்கு, நான் முதல் வழி நல்லதுன்னு நினைக்கிறேன், காரணம் இது" என்று சொல்லுங்கள். முடிவு அவருடையது. அவர் சொன்னதை நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.

கீழே அனுப்புவது

தலைமைப் பொறுப்பு முழுவதும் ஒரே இடத்தில் சோதிக்கப்படுவது இங்கேதான். எஸ்.டி. உயர்ந்த மாரடைப்பு (இ.சி.ஜி.யில் எஸ்.டி. என்ற பகுதி உயர்ந்து காட்டும் வகை) என்றால், இரண்டு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி கிடைக்காத தூரத்தில் இருக்கிறோம். தடை ஏதும் இல்லாவிட்டால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அரை மணி நேரத்துக்குள் இங்கேயே போட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். "கோவையில் பார்த்துக்கொள்வார்கள்" என்று ஊசி போடாமல் வண்டி ஏற்றுவது பெரிய தப்பு.

வண்டி வருவதற்குள் வேலைகளைப் பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுங்கள். ஒருவர், நோயாளியைப் பெறும் மருத்துவமனையின் டாக்டரோடு பேசி, பேசியவரின் பெயரையும் நேரத்தையும் எழுத வேண்டும். ஒருவர் கேஸ் சுருக்கம், இ.சி.ஜி., எக்ஸ்ரே, மருந்து கொடுத்த நேரம். ஒருவர் ஆக்சிஜன், மருந்துப் பெட்டி, சக்ஷன் (சளி உறிஞ்சும் கருவி). குடும்பத்தாரிடம் நீங்களே பேசுங்கள். இதை ஹவுஸ் சர்ஜனிடம் தள்ளாதீர்கள்.

ஆக்சிஜன் கணக்கை மனதில் போடாமல் எழுதிப் போடுங்கள். பி டைப் சிலிண்டர் நிறைந்திருந்தால் சுமார் 1,500 லிட்டர், கேஜ் ஏறக்குறைய 150 காட்டும். 75 என்றால் பாதிதான். நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் மூன்று மணி நேரத்துக்கு 1,800 லிட்டர். வழியில் மரம் விழுந்தாலும் சமாளிக்க அதில் பாதியைக் கூட்டுங்கள்: 2,700. ஆக இரண்டு நிறைந்த சிலிண்டர். ஒரே சிலிண்டரோடு கிளம்பினால் மேட்டுப்பாளையம் தாண்டும்போது முள் சிவப்பில் நிற்கும். சிலிண்டரைத் திறக்கும் ஸ்பேனர் வண்டியில் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

மூச்சுக்குழாயில் டியூப் போட்ட நோயாளியை இறக்கும்போது கீழே காற்றழுத்தம் கூடுவதால் கஃப்பில் (டியூபைச் சுற்றியுள்ள சிறு பலூனில்) உள்ள காற்று சுருங்கும். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் சேர்வதற்குள் ஐந்தில் ஒரு பங்கு அளவு குறையும், கசிவு தொடங்கும். கூடப் போகிறவர் பர்லியாரில் ஒரு முறை, மேட்டுப்பாளையத்தில் ஒரு முறை கஃப் அழுத்தம் 20-30 செ.மீ. நீர் அளவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேலே ஏறும்போது இதற்கு நேர்மாறு. கூடலூரிலிருந்து ஊட்டிக்கு நியூமோதோராக்ஸ் (நுரையீரலுக்கு வெளியே நெஞ்சுக்குள் காற்று சேர்ந்த) நோயாளியை அனுப்புகிறார்கள் என்றால், நெஞ்சில் குழாய் போட்ட பிறகே ஏற்றச் சொல்லுங்கள். ஏற ஏற அந்தக் காற்று விரியும்.

பாதையை முன்கூட்டியே கேளுங்கள். குன்னூர் வழி அடைத்தால் கோத்தகிரி வழி. 2009 நவம்பரில் பெய்த மழையில் நிலச்சரிவுகள் 40 பேருக்கு மேல் உயிரைப் பறித்தன, சாலைகள் துண்டாயின. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை எச்சரிக்கை வந்த நாளில், கீழே அனுப்ப வேண்டி வரலாம் என்று தோன்றும் மஞ்சள் நோயாளிகளைப் பற்றி மாலை 4 மணிக்கே சீஃபிடம் பேசிவிடுங்கள். இருட்டிய பிறகு அந்த யோசனை பயன்படாது.

தப்பு நடந்த பிறகு

மருந்து மாறிப் போனது, அறிக்கை பார்க்காமல் விட்டது என்று ஏதாவது நடக்கும். முதலில் நோயாளியைப் பாருங்கள். பிறகு சீஃபிடம் அன்றே சொல்லுங்கள். ஜூனியரிடம் தனியறையில் பேசுங்கள், ரவுண்ட்ஸில் வேண்டவே வேண்டாம். கேஸ் ஷீட்டில் எழுதியதை அடித்துத் திருத்தாதீர்கள். புதிய நேரம் போட்டுப் புதிதாக எழுதுங்கள். மாதம் ஒரு முறை நடக்கும் கூட்டத்தில் "யார்?" என்று கேட்காமல் "எந்த இடத்தில் நழுவியது?" என்று கேட்டால், பொட்டாசியம் ஆம்பூலும் சலைன் ஆம்பூலும் ஒரே டப்பாவில் இருந்தது போன்ற விஷயங்கள் வெளியே வரும். அன்றே அவற்றைத் தனித்தனி டப்பாவில் பிரித்து வையுங்கள்.

சிலவற்றை நீங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளவே கூடாது. சீஃப் எடுக்க வேண்டிய முடிவுக்கு உங்கள் கையெழுத்து, நீங்கள் பார்க்காத நோயாளிக்கு உங்கள் கையெழுத்து, இரண்டும் வேண்டாம். பூச்சிமருந்து குடித்து வந்தவருக்குப் போலீஸ் இன்டிமேஷனை (போலீஸுக்கு எழுதும் தகவலை) வார்டில் சேர்க்கும்போதே அனுப்பியிருக்கிறார்களா என்று பாருங்கள். மறுநாள் தேடினால் யாரிடமும் இருக்காது.

பொறுப்பை விட்டுப் போகும் மாதத்தில், அடுத்து வருபவரை இரண்டு வாரம் ரோஸ்டர் போட வையுங்கள், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். பண்டிகை இரவுக் கணக்கு நோட்டு, கோவை, குன்னூர், கூடலூர் மருத்துவமனைகளின் நேரடி எண்கள், ஆம்புலன்ஸ் டிரைவர்களின் எண்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொடுங்கள். டியூட்டி அறைச் சுவரில் ஒட்டிய தாளில் உங்கள் போன் எண்ணை அடித்துவிட்டு, அவர் எண்ணை நீங்களே எழுதிவிட்டுப் போங்கள்.