ஹானிபல் பார்க்கப் போகிறீர்களா? முதலில் சாப்பிட்டுவிடுங்கள்

இந்தத் தொடரைப் பார்த்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்று வரும். "ஒரே இருட்டு, ஒண்ணுமே தெரியலை." "கதை நகரவே மாட்டேங்குது, ரெண்டாவது எபிசோடிலேயே தூங்கிட்டேன்." அப்புறம், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "பார்க்கும்போது எனக்குப் பசிச்சுது, அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு." என் கணக்கில் மூன்றாவது ஆள்தான் தொடரைச் சரியாகப் பார்த்தவர். முதல் இரண்டு பேரிடமும் தப்பில்லை, பார்த்த விதத்தில்தான் கோளாறு. அதைச் சரிசெய்யலாம்.

தெரியாதவர்களுக்கு: 2013 முதல் 2015 வரை அமெரிக்காவின் என்பிசி சேனலில் மூன்று சீசன், 39 எபிசோட் ஓடியது. தாமஸ் ஹாரிஸின் நாவல் பாத்திரங்களை வைத்து பிரையன் ஃபுல்லர் உருவாக்கியது. கொலைகாரனின் மனதுக்குள் புகுந்து யோசிக்கும் வில் கிரகாமாக ஹ்யூ டான்ஸி, அவனுக்கு மனநல மருத்துவராக வந்து வாய்க்கும் ஹானிபல் லெக்டராக மேட்ஸ் மிக்கெல்சன். டாக்டர் மனிதக் கறி சாப்பிடுகிறவர் என்பது நமக்குத் தெரியும், அவர் வீட்டு விருந்தில் உட்கார்ந்திருக்கும் எஃப்பிஐ அதிகாரிக்குத் தெரியாது. மொத்தப் பதைபதைப்பும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

சரி, முதலில் டிவியைக் கவனியுங்கள். நான் முதல் எபிசோடை மத்தியானம் ஹாலில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன், ஹானிபலைவிட என் முகமும் மேலே சுற்றிய ஃபேனும்தான் திரையில் நன்றாகத் தெரிந்தன. ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். டிவியின் படம் 'விவிட்' அல்லது 'டைனமிக்' என்று இருந்தால் 'சினிமா'வுக்கு மாற்றுங்கள், அசைவுகளை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள் (அது இருந்தால் எந்தப் படமும் மெகாசீரியல் போலத்தான் தெரியும்), அறை வெளிச்சத்துக்கு ஏற்பத் தானாகவே மங்கும் மின்சேமிப்பு வசதியையும் அணைத்துவிடுங்கள். பிரைட்னஸை மட்டும் ஏற்றிவிடாதீர்கள். ஏற்றினால் புதிதாக எதுவும் தெரியப் போவதில்லை, கறுப்பு சாம்பலாக வெளுக்கும், அவ்வளவுதான். பாதி முகம் இருட்டில், தட்டில் மட்டும் வெளிச்சம் என்று வேண்டுமென்றே எடுத்திருக்கிறார்கள். 2019-இல் கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரின் அந்த இருட்டுப் போர் எபிசோட் வந்தபோது, டிவி செட்டிங்கைச் சரிசெய்யுங்கள் என்று ஒளிப்பதிவாளர் சொல்லப் போய் ஜனங்கள் கொதித்தார்களே, அந்தச் சண்டையில் நான் ஜனங்கள் பக்கம். இங்கே அப்படியில்லை. நெட் சரியில்லாமல் படத்தின் தரம் இறங்கினால் மட்டும் நிறுத்திவிடுங்கள், இருட்டுப் பகுதியெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும்.

ஹெட்ஃபோன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். பிரையன் ரைட்செல்லின் இசை மெட்டாக வராது, உறுமலும் தட்டலும் உரசலுமாகப் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும், டிவியின் சின்ன ஸ்பீக்கரில் அதில் பாதி காணாமல் போய்விடும். எல்லோரும் கிசுகிசுப்பாகப் பேசுகிறார்கள், மிக்கெல்சனின் டேனிஷ் உச்சரிப்பு வேறு, அதனால் சப்டைட்டில் வைத்துக்கொள்வதில் வெட்கமே வேண்டாம்.

இப்போது சாப்பாட்டு விஷயம். தயவுசெய்து முன்னாலேயே சாப்பிட்டுவிடுங்கள், முடிந்தால் தயிர்சாதம். இரண்டாவது சீசனின் நடுவில் நான் மட்டன் பிரியாணி வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், அது மறுநாள் மத்தியானத்துக்குத்தான் ஆனது. திரையில் வரும் உணவை அலங்கரித்தவர் ஜானிஸ் பூன், ஆலோசனை சொன்னவர் ஹொசே ஆன்ட்ரேஸ் என்ற பெரிய சமையல் கலைஞர், ஆகவே ஒவ்வொரு தட்டும் நாக்கில் எச்சில் ஊற வைக்கும். அது யாருடைய ஈரல் என்ற நினைப்பு அரை நொடி கழித்துத்தான் வரும். அந்த அரை நொடிக்காகத்தான் இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். எபிசோட் பெயர்கள்கூட முதல் சீசனில் பிரெஞ்சு விருந்து வரிசை, இரண்டாவதில் ஜப்பானிய விருந்து, மூன்றாவதின் முதல் பாதியில் இத்தாலியச் சாப்பாடு. ஒரு விருந்தில் ஹானிபல் எழுந்து நின்று, இங்கே எதுவுமே சைவம் இல்லை என்று விருந்தினரை எச்சரிப்பார் பாருங்கள், அங்கே சிரிப்பு வந்தால் நீங்கள் தொடருக்குள் வந்துவிட்டீர்கள்.

கதை நகரவில்லை என்பவர்களுக்கு: இதைத் துப்பறியும் கதையாகப் பார்க்காதீர்கள். முதல் சீசனின் ஒன்பதாவது எபிசோடில் கடற்கரையில் மனித உடல்களாலேயே ஒரு கம்பம் நிற்கும். தனி ஆள் இதை எப்படி நிறுத்தினான் என்று கேட்டால் அங்கேயே படம் செத்துவிடும். கனவுக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. தங்க நிறத்தில் ஒரு வெளிச்சம் ஊசல் போல ஆடினால், இனி வருவது வில்லின் தலைக்குள் நடப்பது என்று அர்த்தம். காக்கை இறகு போர்த்திய கலைமான் வந்தால் கையிலிருக்கும் போனைக் கீழே வையுங்கள்.

ஒரு ராத்திரிக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. வரிசையாக நாலு பார்த்தால் ரத்தம் சுவரில் ஒட்டிய காலண்டர் மாதிரி பழகிப் போகும். முதல் சீசனின் நாலாவது எபிசோடை அமெரிக்காவில் அப்போது ஒளிபரப்பவில்லை. குழந்தைகள் கொலை செய்யும் கதை, சாண்டி ஹூக் பள்ளித் துப்பாக்கிச் சூடு நடந்து சில மாதங்களே ஆகியிருந்தன, ஃபுல்லரே வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். நீங்கள் அதைத் தாண்டிப் போக வேண்டாம். ஐந்தாவதில் முதுகுத் தோலை உரித்து இறக்கையாக விரித்த உடல்கள் வரும். அம்மண உடலின் பின்பக்கப் பிளவு தெரியக்கூடாது என்று சேனல் ஆட்சேபித்ததாம், இன்னும் ரத்தம் ஊற்றி நிரப்பி மறைத்தார்களாம், ரத்தத்தைப் பற்றி ஒரு புகாரும் இல்லை. ஃபுல்லரே சொன்ன கதை இது. ஐந்தாவது முடிந்தும் ஒன்றும் தோன்றவில்லையா, விட்டுவிடுங்கள், இது உங்களுக்கானதல்ல.

யாருடன் பார்ப்பது? பெற்றோருடன் வேண்டாம். ஏற்கெனவே பார்த்த ஒரு நண்பர் பக்கத்தில் இருந்தால் நல்லது, ஆனால் அவர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், அதைச் சகித்துக்கொள்ள வேண்டும். நடிகர்கள் பெயரைத் தேடாதீர்கள், யார் போய்ச் சேர்ந்தார் என்பது முதல் வரியிலேயே வந்து நிற்கும். தங்களை 'ஃபானிபல்கள்' என்று சொல்லிக்கொள்ளும் ரசிகர்கள் இந்தக் கொலைகாரர்கள் தலையில் பூக்கிரீடம் வைத்துப் படம் போடுவது முதலில் பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரியும். இரண்டாவது சீசனின் கடைசி எபிசோடைப் பார்த்துவிட்டுத் தூக்கம் வராமல் கிடந்த ராத்திரியில் எனக்கு அது புரிந்தது.

மூன்றாவது சீசனில் கதை இத்தாலியின் ஃபிளாரன்ஸுக்குப் போகும், பலர் அங்கேதான் கழன்றுகொள்கிறார்கள். ஒயின் சொட்டுவதைக்கூட மெதுவாகக் காட்டினால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும், எனக்கே இரண்டு எபிசோட் இழுவையாக இருந்தது. ஏழாவது வரை தாக்குப்பிடியுங்கள், எட்டாவதிலிருந்து நடிகர் ரிச்சர்ட் ஆர்மிட்டேஜ் வந்து வேறு கதையாகிவிடும். கடைசி எபிசோடில் பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் அணைத்துவிடாதீர்கள். அதற்குப் பிறகு ஒரு சாப்பாட்டு மேஜை வரும். எத்தனை பேருக்குத் தட்டு வைத்திருக்கிறது என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்.