ஒரே நாளில் கேஎல் ரயில் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 டிசம்பரில் கோலாலம்பூரிலிருந்து (கேஎல்) எல்லையோர ஜோகூர் பாரு (ஜேபி) வரை மலேசியாவின் இடிஎஸ் மின்ரயில் வந்ததிலிருந்து, "காலையில போய்ட்டு ராத்திரி வந்துடலாமாமே?" என்று சிங்கப்பூரில் தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். வந்துவிடலாம். முன்பு கிம்மாஸில் இறங்கி வண்டி மாற வேண்டியிருந்தது, பாதி நாள் அதிலேயே போய்விடும். இப்போது ஜேபி சென்ட்ரலில் ஏறி உட்கார்ந்தால் கேஎல் சென்ட்ரலில் எழுந்தால் போதும், சுமார் நாலரை மணி நேரம்.

அந்த நாலரையை மட்டும் மனத்தில் வைத்துக் கணக்குப் போடுவதுதான் பெரிய தவறு. போகவர ஒன்பது மணி நேரம் ரயிலிலேயே கழியும். வீட்டிலிருந்து உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச்சாவடி, குடிநுழைவு வரிசை, ஜேபியில் காத்திருப்பு, இரவில் இதே வரிசை மறுபடியும் என்று இன்னும் நான்கு மணி நேரமாவது சேரும். விடியுமுன் கிளம்பி நள்ளிரவுக்குள் வீடு திரும்பினாலும் கேஎல்லில் கையில் மிஞ்சுவது ஐந்தாறு மணி நேரம். அதுவும் ரயில் நேரம் ஒத்துவந்தால்தான். ஒரு நாளைக்கு ஓடும் ரயில்கள் சிலவே என்பதால், விடுப்பு எடுக்குமுன் அட்டவணையைப் பாருங்கள். நான் பழகியவர்களுக்குச் சொல்வது: போகும்போது ரயில், திரும்பும்போது சிங்கப்பூருக்கு நேரே வரும் விரைவுப் பேருந்து. ரயில் ஆசையும் தீரும், மாலைப் பொழுதும் கைக்குக் கிடைக்கும்.

அடுத்தது டிக்கெட். உட்லண்ட்ஸிலிருந்து ஜேபி சென்ட்ரலுக்கு ஐந்து நிமிடம் ஓடும் ஷட்டில் தெப்ரா ரயிலுக்கு ஒரு டிக்கெட், அங்கிருந்து இடிஎஸ்ஸுக்குத் தனி டிக்கெட். ஒன்றைத் தவறவிட்டால் மற்றது உங்களுக்காகக் காத்திருக்காது. பலர் இடிஎஸ் டிக்கெட்டை வாங்கிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். பிறகு பார்த்தால் அன்றைய காலை ஷட்டிலில் இடமே இருக்காது. ஒரு நடைக்கு ஏறத்தாழ 320 இருக்கைகள்தான், வார இறுதியில் முதலில் தீர்வது அதுதான். இரண்டையும் ஒரே மூச்சில் போடுங்கள், நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள். ஷட்டில் கட்டணம் இங்கிருந்து 5 சிங்கப்பூர் வெள்ளி, அங்கிருந்து 5 ரிங்கிட். ஷட்டில் கிடைக்காவிட்டால் கடற்பாலத்தைப் பேருந்தில் கடந்து, அந்தப் பக்கச் சோதனையை முடித்து, இணைப்புப் பாலம் வழியாக ஜேபி சென்ட்ரலுக்கு நடக்கலாம். அதற்குக் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ள வேண்டும்.

உட்லண்ட்ஸ் எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்தில் இறங்கி ரயிலைத் தேடுபவர்களும் உண்டு. ரயில் சோதனைச்சாவடி கடற்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கிட்ட இருக்கும் எம்ஆர்டி மார்சிலிங், அங்கிருந்தும் பேருந்தோ நல்ல நடையோ வேண்டும். போகும்போது இரு நாட்டுக் குடிநுழைவும் உட்லண்ட்ஸிலேயே முடிந்துவிடும், ஜேபியில் இறங்கி நேரே நடக்கலாம். ஆகவே தாமதம் எல்லாம் ரயில் ஏறுமுன்தான்.

அந்த இடத்தில்தான் என் சித்தப்பாவை நிறுத்தினார்கள். ஊரிலிருந்து எங்களைப் பார்க்க வந்திருந்தார். மலேசிய மின்னிலக்க வருகை அட்டையை நிரப்ப நான் மறந்திருந்தேன். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அது தேவையில்லை என்பதால் எனக்குத் தோன்றவே இல்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, கைப்பேசியில் கடப்பிதழ் எண்ணை ஒவ்வொரு எழுத்தாக அவர் தட்டினார். பின்னால் நின்றவர்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். அட்டை வந்தது, ஷட்டில் போய்விட்டது. அன்று அவர் முகம் வாடியது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டவர் அந்த அட்டையை நிரப்ப வேண்டும், வருகைக்கு முந்தைய மூன்று நாளுக்குள். இங்கு நிரந்தரவாசியாக இருந்தாலும், வேலை அனுமதியில் இருந்தாலும், கடப்பிதழ் எந்த நாட்டுடையது என்பதே கணக்கு. அதில் ஆறு மாதம் மீதம் இருக்கிறதா என்றும் பாருங்கள். நிரந்தரவாசிகள் மறுநுழைவு அனுமதி காலாவதியாகவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஊரிலிருந்து வந்த பெற்றோரை அழைத்துப் போகிறீர்களா? அவர்களுடைய சிங்கப்பூர் விசா பலமுறை நுழையக்கூடியதுதானா என்று முதலில் பாருங்கள். ஒருமுறை விசாவோடு எல்லை தாண்டிவிட்டால் மாலையில் வீடு திரும்ப வழியில்லை. வருகையாளர்கள் திரும்பி வரும்போது சிங்கப்பூர் வருகை அட்டையையும் புதிதாக நிரப்ப வேண்டும்.

கேஎல்லில் எல்லாவற்றையும் பார்க்கத் துடிக்காதீர்கள். பத்துமலைக்கு கேஎல் சென்ட்ரலிலிருந்தே கொமுட்டர் ரயில் போகிறது. ஆனால் காத்திருந்து, போய், 272 படி ஏறி இறங்கித் திரும்புவதற்குள் மூன்று மணி நேரம் கரைந்துவிடும். முருகனைப் பார்க்கப் போனால் அன்று முருகன் மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரட்டைக் கோபுரம்தான் வேண்டும் என்றால் எல்ஆர்டி நகர ரயிலில் ஐந்தாவது நிறுத்தம் கேஎல்சிசி. எனக்கு இரண்டையும் விடப் பிடித்தது, நிலையத்தை ஒட்டிய இந்தியர் வட்டாரமான பிரிக்ஃபீல்ட்ஸ். நிலையத்திலிருந்து நடந்தே போய் வாழையிலைச் சாப்பாட்டை அவசரமில்லாமல் சாப்பிடலாம். பிறகு எல்ஆர்டியில் ஒரே நிறுத்தம் தள்ளி பசார் செனியில் இறங்கி, 1873இல் தொடங்கிய ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலுக்கு நடக்கலாம். தைப்பூசத்தில் பத்துமலைக்கு வெள்ளி ரதம் புறப்படுவது இங்கிருந்துதான்.

புடவை, நகை வாங்குபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் சிங்கப்பூரின் ஜிஎஸ்டி (பொருள் சேவை வரி) விலக்கு 100 வெள்ளி வரைதான். வேலை அனுமதி, மாணவர் அனுமதி, நீண்டகால வருகை அனுமதி வைத்திருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. மேல்தொகையை நீங்களே அறிவித்து வரி கட்டிவிடுவது நல்லது. மது பாட்டிலுக்கு மலேசியாவிலிருந்து வரும்போது தீர்வை விலக்கு கிடையாது.

ஞாயிறு மாலைத் திரும்புதலைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். 2025 முதல் ஜோகூருக்கும் சனி, ஞாயிறுதான் விடுமுறை; எல்லாரும் ஒரே நேரத்தில் எல்லைக்கு வருகிறார்கள்.

இன்னொன்று, இடிஎஸ் பெட்டிக்குள் குளிர் கடுமை. போகும்போது அம்மா கைகளைப் புடவைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டே வந்தார். திரும்பும் முன் பிரிக்ஃபீல்ட்ஸில் அவருக்காக ஒரு சால்வை வாங்கினேன். இப்போது அது கடப்பிதழோடு ஒரே பையில் இருக்கிறது.