கூதிர் காலத்தில் கேரவனில் தெற்கே: மலையிலிருந்து கடற்கரைக்கு இருவர் போகும் முறை

ஐப்பசியையும் கார்த்திகையையும் நம் முன்னோர் கூதிர் என்று ஒரு பருவமாகவே வைத்தார்கள். அந்த மாதங்களில் கொடைக்கானல் மலையின் பெருமாள்மலைப் பக்கம் ஓர் இரவு தங்கியவருக்குக் கூதல் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. பணி ஓய்வுக்குப் பின் வெயில் மாதங்களை அங்கே கழிக்கும் நாங்கள் இருவரும், "ஏங்க, முழங்கால் பிடிச்சுக்கிச்சு, கீழே இறங்கிருவோமா" என்ற பேச்சு என் மனைவியிடமிருந்து வந்தவுடன் கேரவனைக் கிளப்பி, மதுரை வழியாகத் திருச்செந்தூர்க் கரைப்பக்கம் போய் மாசியில் திரும்புவதை வழக்கமாக வைத்திருக்கிறோம். இப்படிப் புறப்படுகிறவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்றுதான்: குளிருக்குத் தப்பித் தெற்கே போகிறவர், வடகிழக்குப் பருவமழைக்குள் நேராக வண்டியை விடுகிறார்.

ஆகவே பயணத்தை இரண்டாக வெட்டிக்கொள்வது நல்லது. ஐப்பசியில் மலையிறங்கி மதுரையில் நின்றுவிட வேண்டும். மழை ஓய்ந்தபின் அங்கிருந்து தெற்கே போக வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரி மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. பதிவாகி, தாமிரபரணிக் கரையெங்கும் வெள்ளக்காடானது. மார்கழி பிறந்துவிட்டது, இனி மழையில்லை என்ற கணக்கு அந்த ஆண்டு பொய்த்ததை மறக்கக் கூடாது. வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பில் தென்மாவட்டங்களுக்கு ஆரஞ்சு எச்சரிக்கை இருந்தால் மதுரையைத் தாண்டாதீர்கள்.

மலையிறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவதுதான் பெரிய தவறு. தண்ணீரும் பாத்திரமும் கட்டிலுமாகக் கனத்துப்போன வண்டியில் பிரேக் சூடேறினால் வத்தலக்குண்டு வருமுன் பிடிப்பை இழக்கும். இரண்டாம் கியரில் என்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி விட்டு, பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்க வேண்டும். ஏறிவரும் வண்டிக்கே முதல் வழி. புறப்படுமுன் தண்ணீர்த் தொட்டியைக் கால்பங்காகக் குறைத்துவிடுங்கள். நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ என்பதைப் பலரும் நினைப்பதில்லை. இன்னொன்று: புறப்படுவதற்கு முந்தின இரவு எவ்வளவு குளிர்ந்தாலும் வண்டிக்குள் கரி அடுப்பு மூட்டிப் படுக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. உறக்கத்திலேயே உயிர் போய்விடும்.

மதுரையில் நிற்கும் நாட்கள் வீணல்ல. ஊர்க்கோடிப் பட்டறையில் வண்டியைத் தூக்கி அடிப்பாகத்தைப் பார்க்கலாம். டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. ஆண்டில் பாதி நாள் நின்றே கிடக்கும் வண்டியின் டயர், பட்டை தேயாமலே வெடிப்பு விடும். பத்திரங்களையும் அப்போதே சரிபார்க்க வேண்டும். டிராவலர் வேனை வாங்கித் தச்சரை வைத்துக் கட்டில் அடித்துவிட்டால் அது கேரவன் ஆகிவிடாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலோடு அந்த மாற்றம் பதிவுச் சான்றில் ஏறியிருக்க வேண்டும். இல்லையெனில் விபத்தின்போது காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க இடம் கொடுத்தவர்களாவோம்.

மின்சாரக் கணக்கு எளியது. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 1,200 வாட்-மணி. பழைய ஈய-அமில வகையாக இருந்தால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். முப்பது வாட் மின்விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் 240 போய்விடும். மீதியில் சிறு ஃபிரிட்ஜும் விளக்கும் ஓட வேண்டும். மழை மூட்டத்தில் கூரையிலுள்ள சூரியத் தகடு பெயருக்குத்தான் இருக்கும். ஏசியை மறந்துவிடுங்கள், ஜன்னலுக்கு வலை அடித்து மின்விசிறியை நம்புவதே இருவருக்கும் போதும். சமையலுக்கு ஐந்து கிலோ சிலிண்டர் வைத்துக்கொள்ளலாம். எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டர் அறையின் அடியில் வெளியே திறக்கும் துளை கட்டாயம் இருக்க வேண்டும்.

மதுரையிலிருந்து கப்பலூர், விருதுநகர், கோவில்பட்டி வழியாகக் கன்னியாகுமரி சுமார் 245 கி.மீ.; அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி சுமார் 150 கி.மீ. எங்கள் வழி இரண்டாவது. கந்த சஷ்டி நடக்கும்போது திருச்செந்தூருக்குப் பெரிய வண்டியோடு போகாதீர்கள். கார்த்திகை முதல் தேதியிலிருந்து ஐயப்ப பக்தர்களின் வண்டிகளால் குற்றாலம், செங்கோட்டைச் சாலையில் நிறுத்த இடமே கிடைக்காது. வண்டியின் உயரத்தை அளந்து ஸ்டியரிங் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். ரயில்வே சுரங்கப்பாதைக்கு முன்னால் நின்று, பின்னால் ஹாரன் ஒலிக்க, உயரத்தை யோசிப்பது வேதனை.

இரவு தங்குமிடத்தை மாலை நான்கு மணிக்கே முடிவு செய்துவிட வேண்டும். லாரிகள் நிற்கும் பெரிய பங்க் சிறந்தது. கேட்டு, டீசல் போட்டு, வெளிச்சத்தில் நிறுத்துங்கள். கண்மாய்க் கரையும் தென்னையடியும் வேண்டாம். தரையின் மண்ணைப் பார்க்காமல் நிறுத்தவே வேண்டாம் என்பதை நான் பந்தல்குடிக்கு அப்பால் கற்றேன். சாலையோரம் காய்ந்து வெடித்துக் கிடந்த கரிசல் நிலத்தில் நிறுத்திப் படுத்தோம். நள்ளிரவில் அரை மணி நேர மழைதான். விடிந்து பார்த்தால் பின்சக்கரங்கள் பாதிக்குமேல் உள்ளே. காலை வைத்தால் செருப்பு மண்ணிலேயே தங்கியது. எடுத்த காலில் ஆளுக்கு ஒரு கிலோ களி அப்பியிருந்தது. ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்தச் சக்கரம் மேலும் புதைந்ததே தவிர நகரவில்லை. கடைசியில் பக்கத்து ஊர்க்காரர் டிராக்டர் கொண்டுவந்து இழுத்துவிட்டு, "கரிசலைக் காய்ஞ்சப்ப நம்பாதீங்க சார்" என்றார். அன்றிலிருந்து தாரும் சிமெண்டும் தவிர எதன்மேலும் நிறுத்துவதில்லை. பத்தடி இழுவைக் கயிறும் இரண்டு பலகையும் கட்டிலடியில் கிடக்கின்றன.

கழிவறைத் தொட்டியைப் பங்க்கிலோ விடுதியிலோ கேட்டு, கழிவறைக்குள்ளேயே கொட்ட வேண்டும். ஓடையில் கொட்டுகிறவரோடு எனக்குப் பேச்சில்லை. கடலோரம் போனபின் கிணற்று நீர் உப்பாகவே இருக்கும். குடிநீரைத் தூத்துக்குடிக்கு முன்னரே நிரப்பிக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவாவிட்டால் உப்புக்காற்று சைலன்ஸரை அரித்துவிடும்.

திரும்பும் நாளை மட்டும் அவசரப்பட்டுக் குறிக்காதீர்கள். தையில் கொடைக்கானல் ஏரிப் பக்கத்துப் புல்லில் உறைபனி படியும். மாசி பாதி போனபின் ஏறினால் போதும்.