கீழ்ப்பிரிவு நடுக்கள வீரரைப் பற்றி எழுதுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் மூன்று இளைஞர்கள் தாங்கள் எழுதிய கட்டுரைகளைப் பார்த்துத் தரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்றுமே இங்கிலாந்துக் கால்பந்தின் கீழ்ப்பிரிவுகளில் ஆடிய நடுக்கள வீரர்களைப் பற்றியவை. ஆர்வத்தோடு உழைத்திருந்தார்கள், நடையும் நன்றாக இருந்தது. ஆனால் படிக்கப் படிக்க எனக்கு மனம் கனத்துப்போனது. பல வருடங்களுக்கு முன் நான் செய்த தவறுகள் அப்படியே இருந்தன, ஏறக்குறைய அதே வரிசையில்.

பிறந்த தேதி, ஊர்ப் பெயர், கோல் கணக்கைக் கூட்டுவதில் வரும் பிழை ஆகியவற்றைப் பற்றி நான் பேசப்போவதில்லை. இன்னொருவர் ஒருமுறை படித்தாலே அவை அகப்பட்டுவிடும். பார்க்கச் சரியாகவே தெரிந்து, அச்சேறிய பிறகு வெளிப்படும் தவறுகள்தான் ஆபத்தானவை.

எல்லாவற்றுக்கும் ஒரே ஆளை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்: டோனி ஃபோர்டு. 1959-ல் கிரிம்ஸ்பியில் பிறந்தவர். 1975-ல் 16 வயதில் சொந்த ஊர் அணியான கிரிம்ஸ்பி டவுனுக்காக ஆடத் தொடங்கினார், 2001-ல் 42 வயதில் ரோச்டேல் அணியில் முடித்தார். வலப்பக்க நடுக்கள வீரர், பிற்காலத்தில் வலப்பக்கத் தடுப்பு வீரர். இங்கிலாந்து லீக் வரலாற்றில் கோல்காப்பாளர் அல்லாத ஒருவர் ஆடிய அதிகபட்ச லீக் ஆட்டங்கள் 931. அது அவருடைய சாதனை. அவருக்கு மேலே இருப்பவர் 1,005 ஆட்டங்கள் ஆடிய கோல்காப்பாளர் பீட்டர் ஷில்டன் மட்டும்தான். ஷில்டனைத் தெரிந்த அளவுக்கு ஃபோர்டை நம் ஆட்களுக்குத் தெரியாது. அதனாலேயே அவரைப் பற்றி எழுத வருகிறவர்கள் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

டிவிஷனின் பெயரை நம்புவது

மூன்று கட்டுரைகளில் ஒன்று ஃபோர்டைப் பற்றியது. அதில் ஒரு வரி: "1992-ல் கிரிம்ஸ்பி முதல் டிவிஷனுக்கு உயர்ந்தது. 33 வயதில் ஃபோர்டு இங்கிலாந்தின் உச்ச லீக்கில் கால்வைத்தார்."

அப்படி எதுவும் நடக்கவில்லை. 1992 கோடையில் கிரிம்ஸ்பி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. முதல் டிவிஷனின் 22 கிளப்புகளும், நான்கு டிவிஷன்களும் அடங்கிய ஃபுட்பால் லீக்கை விட்டு விலகி, புதிய உச்ச அடுக்கான பிரீமியர் லீக்கைத் தொடங்கின. உடனே மிச்சமிருந்த டிவிஷன்களின் பெயர்கள் ஒவ்வொரு படி மேலே நகர்ந்தன. மே மாதம் வரை இரண்டாம் டிவிஷன் என்று அழைக்கப்பட்டது ஆகஸ்டில் முதல் டிவிஷன் ஆகிவிட்டது. ஃபோர்டு அதே அடுக்கில், அதே சட்டையில், அதே பிளண்டல் பார்க் மைதானத்தில்தான் ஆடிக்கொண்டிருந்தார். (அந்த மைதானம் இருப்பது கிரிம்ஸ்பியில் இல்லை, பக்கத்து ஊரான கிளீதோர்ப்ஸில். இதையும் பலர் மாற்றி எழுதுகிறார்கள்.)

அந்த இளைஞரிடம் நான் கோபித்துக்கொள்ளவில்லை. அதே பள்ளத்தில் நான் அவரைவிட ஆழமாக விழுந்திருக்கிறேன்.

ஃபோர்டைப் பற்றி நான் முதலில் எழுதிய கட்டுரை இப்படி முடிந்தது: "மூன்றாம் டிவிஷனில் தொடங்கியவர், 26 வருடங்கள் கழித்து அதே மூன்றாம் டிவிஷனில் முடித்தார். புறப்பட்ட வாசலுக்கே திரும்பி வந்து சேர்ந்தார்." இந்த வரி கிடைத்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி. கட்டுரை முழுவதையும் அந்த முடிவை நோக்கியே கட்டினேன். தொடக்கத்தில் கிரிம்ஸ்பி துறைமுகம், நடுவே ஊர் ஊராகப் பயணம், கடைசியில் அந்த வாசல். நண்பர்கள் சேர்ந்து கொண்டுவந்த ஒரு தொகுப்பில் அது அச்சானது. 300 பிரதிகள்.

பிரதிகள் கைக்கு வந்த நான்காம் நாள், வட இங்கிலாந்தில் நெடுங்காலம் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு பெரியவர் தொலைபேசியில் கூப்பிட்டார். நிதானமாகக் கேட்டார்: "தம்பி, ரோச்டேல் அப்போ நாலாவது அடுக்குலதானே இருந்தது?"

ஆமாம். 1975-ல் கிரிம்ஸ்பி ஆடிய மூன்றாம் டிவிஷன் மூன்றாவது அடுக்கு. 2001-ல் ரோச்டேல் ஆடிய மூன்றாம் டிவிஷன் நான்காவது அடுக்கு. பெயர் ஒன்றுதான், இடம் வேறு. ஃபோர்டு புறப்பட்ட வாசலுக்குத் திரும்பவே இல்லை, அதற்கும் ஒரு படி கீழே முடித்திருந்தார். அந்த ஒரு வரியை எடுத்தால் கட்டுரையே நிற்காது. திருத்தச் சீட்டு அச்சடித்து, விற்காமல் கையில் இருந்த ஒவ்வொரு பிரதியிலும் பசை தடவி ஒட்டினோம். இரண்டு இரவுகள் ஆயின. விற்றுப்போன பிரதிகளில் அந்தப் பொய் இன்னும் அப்படியே இருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஒரு மனிதர் 26 வருடம் ஓடிய ஓட்டத்தை, அழகான முடிவுக்கு ஆசைப்பட்டு மாற்றிச் சொல்லிவிட்டேன்.

சரி, குழப்பம் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். மூன்றாம் டிவிஷன் வடக்கு, தெற்கு என்று இரண்டாக இருந்தது 1958 வரை. அந்த வருடம்தான் அவற்றைக் கலைத்து, நாடு முழுவதற்குமாக மூன்றாம், நான்காம் டிவிஷன்களை அமைத்தார்கள். 1992-ல் பெயர்கள் மேலே நகர்ந்ததும் நான்காம் டிவிஷன் என்ற பெயரே மறைந்து, அது மூன்றாம் டிவிஷன் ஆனது. 2004-ல் மறுபடி மாற்றம்: இரண்டாம் அடுக்கு சாம்பியன்ஷிப், மூன்றாம் அடுக்கு லீக் ஒன், நான்காம் அடுக்கு லீக் டூ. ஆக, நான்காம் அடுக்கிலேயே 1990 முதல் 2005 வரை ஆடிய ஒருவர் நான்காம் டிவிஷன், மூன்றாம் டிவிஷன், லீக் டூ என்று மூன்று பெயர்களில் ஆடியிருப்பார். பெயரை மட்டும் பார்த்தால் அவர் ஏறிக்கொண்டே போனதாகத் தோன்றும்.

தமிழில் எழுதும்போது இது இன்னும் மோசமாகிறது. முதல் டிவிஷன் என்றால் நம் காதில் முதல்தரம் என்றுதான் விழுகிறது. லீக் ஒன்னையும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறோம், அது மூன்றாவது அடுக்கு என்பது மறந்துபோகிறது.

விளம்பரதாரர் பெயர் சேர்ந்தால் இன்னொரு சிக்கல். நேஷன்வைடு நிறுவனம் சில வருடங்கள் ஃபுட்பால் லீக்குக்கும், அதற்குக் கீழே ஐந்தாவது அடுக்கான கான்ஃபரன்ஸுக்கும் ஒரே சமயத்தில் பெயர் கொடுத்திருந்தது. 'நேஷன்வைடு' என்று மட்டும் குறிப்பெடுத்து வைத்தால், ஆள் நான்காவது அடுக்கில் ஆடினாரா ஐந்தாவதிலா என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

அப்புறம், நான்காம் டிவிஷனில் கடைசி இடம் பிடித்த கிளப் 'தரமிறங்கியது' என்று எழுதுகிறார்கள். 1987 வரை தானாக இறங்கும் முறை அங்கே கிடையாது. கடைசி இடங்களில் இருந்த கிளப்புகள், தங்களை மறுபடி சேர்த்துக்கொள்ளும்படி மற்ற கிளப்புகளிடம் வாக்குக் கேட்க வேண்டும். 1987-ல்தான் ஸ்கார்பரோ தானாக மேலே வந்தது, லிங்கன் சிட்டி தானாகக் கீழே போனது.

நான் இப்போது செய்வது இதுதான். எழுதத் தொடங்கும் முன் ஒரு தாளில் சீசன்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அடுக்கின் எண்ணை மட்டும் பென்சிலில் போடுவேன். ஃபோர்டுக்கு அது மூன்று, நான்கு, மூன்று, இரண்டு என்று போகும். ஸ்டோக் சிட்டியில் இரண்டு. வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனில் இரண்டு, 1991-ல் அந்த அணி இறங்கிய பிறகு மூன்று. ஸ்கன்தோர்ப், மான்ஸ்ஃபீல்ட், ரோச்டேல் மூன்றிலும் நான்கு. டிவிஷன் பெயர்களை அதன் பிறகுதான் தொடுவேன். கட்டுரையிலும் முதல்முறை வரும்போது "மூன்றாம் டிவிஷன், அதாவது அன்றைய நான்காவது அடுக்கு" என்று சேர்த்தே எழுதுவேன். வாக்கியம் கொஞ்சம் நீளும், நீளட்டும்.

சீசனுக்கு ஒரே வருடம் போடுவது

சீசன் ஒரு வருடத்தில் தொடங்கி அடுத்த வருடம் முடிவது. '1992-ல் ஆடினார்' என்றால் எந்த சீசன்? 1991-92 என்றோ 1992-93 என்றோ எழுதுங்கள்.

931 எதை எண்ணுகிறது என்று கேட்காதது

931 என்பது லீக் ஆட்டங்கள் மட்டும். எஃப்.ஏ. கோப்பை, லீக் கோப்பை எல்லாம் சேர்த்தால் ஃபோர்டின் கணக்கு ஆயிரத்தைத் தாண்டும். இரண்டு எண்களும் சரிதான், ஆனால் ஒரே பத்தியில் எது எது என்று சொல்லாமல் கலந்தால் இரண்டுமே கெட்டுவிடும்.

இதைவிட நுட்பமான ஒன்று இருக்கிறது. 1996-ல் ஸ்கன்தோர்ப்பை விட்டு வந்த ஃபோர்டு, மான்ஸ்ஃபீல்டுக்குப் போகும் முன் கொஞ்ச காலம் பேரோ அணிக்கு ஆடினார். பேரோ அப்போது லீக்குக்கு வெளியே இருந்தது. எனவே அங்கே அவர் ஆடியது அந்த 931-க்குள் வராது. கிளப்புகளின் பட்டியலில் பேரோ உண்டு, கூட்டலில் இல்லை. கூட்டிப் பார்த்துக் கணக்கு இடிக்கிறதே என்று பேரோவையே அடித்துவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

அழிக்கப்பட்ட ஆட்டங்கள்

நான்காம் டிவிஷனில் இருந்த ஆல்டர்ஷாட் 1992 மார்ச்சில் கடனில் மூழ்கி மூடப்பட்டது. அந்த சீசனில் அது ஆடியிருந்த 36 ஆட்டங்களையும் லீக் பதிவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அந்த அணியின் நடுக்கள வீரர் ஒருவர் குளிர்காலம் முழுக்கச் சேற்றில் ஓடியிருப்பார். அவருடைய கணக்கில் அந்த சீசன் வெறுமையாக இருக்கும். அவரை எதிர்த்து ஆடியவர்களுக்கும் அந்த ஆட்டம் கழியும். 1962-ல் சீசன் நடுவே விலகிய அக்ரிங்டன் ஸ்டான்லியின் ஆட்டங்களுக்கும் இதே கதிதான்.

கணக்கில் ஓர் ஓட்டை தெரிந்தால் காயம் என்று ஊகித்து எழுதிவிடாதீர்கள். முதலில் கிளப்புக்கு என்ன ஆனது என்று பாருங்கள். பதிவிலிருந்து நீக்கியதால் அந்த ஆள் ஆடவில்லை என்று ஆகாது. கட்டுரையில் அதை ஒரு வரியாவது சொல்ல வேண்டும்.

பெயர் ஒன்று, கிளப் வேறு

1888-ல் லீக்கைத் தொடங்கிய 12 கிளப்புகளில் ஒன்றான அக்ரிங்டன் வேறு, அக்ரிங்டன் ஸ்டான்லி வேறு. இன்றைய ஸ்டான்லி, 1962-ல் விலகிய ஸ்டான்லியும் அல்ல, 1968-ல் புதிதாகத் தொடங்கியது.

லோன்

லோன் என்றால் ஒரு கிளப் தன் வீரரைக் கொஞ்ச காலம் இன்னொரு கிளப்புக்குக் கடனாகக் கொடுப்பது. அதை 'விற்கப்பட்டார்' என்று எழுதாதீர்கள். 1986-ல் சண்டர்லேண்டில் ஃபோர்டு ஆடிய 9 ஆட்டங்களும் லோனில் ஆடியவை.

நடுக்கள வீரரைக் கோலால் அளப்பது

அட்டவணையில் கோல் எண்ணிக்கை இருக்கிறது என்பதற்காகவே அதைப் பிடித்துக்கொள்கிறோம். 'ஐந்து வருடத்தில் ஆறு கோல்தான்' என்று எழுதினால் அந்த ஆள் சும்மா இருந்ததுபோல் ஆகிவிடுகிறது. அந்தக் காலக் கீழ்ப்பிரிவுகளில் கோலுக்கு உதவிய பாஸை யாரும் ஒழுங்காக எண்ணி வைக்கவில்லை. பந்தைப் பறித்தது, ஓடி அடைத்தது எதற்கும் கணக்கில்லை. பயிற்சியாளர்கள் மாறியும் ஒருவர் அணியில் நீடித்தாரா, வாரம் தவறாமல் அணித்தாளில் பெயர் இருந்ததா என்று பாருங்கள். அவருடைய உழைப்பு அதில்தான் தெரியும்.

'எட்ட முடியாமல் போனவர்' என்ற சொல்

மூன்று கட்டுரைகளிலும் இந்தச் சொல் இருந்தது. மூன்றிலும் அடித்துவிட்டேன்.

ஃபோர்டு ஒருநாள்கூட உச்ச அடுக்கில் ஆடவில்லை, அது உண்மை. 1989-ல், இரண்டாம் அடுக்கில் இருந்தபோதே, இங்கிலாந்து பி அணிக்கு, அதாவது தேசிய அணிக்கு அடுத்த இரண்டாம் அணிக்கு ஆடினார் என்பதும் உண்மை. எம்.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரச விருது கிடைத்ததும் உண்மை. கடைசி வருடங்களில் மான்ஸ்ஃபீல்டிலும் ரோச்டேலிலும் துணைப் பயிற்சியாளராக இருந்துகொண்டே, தன் வயதில் பாதிகூட ஆகாத பையன்களோடு சேர்ந்து ஆடினார். மான்ஸ்ஃபீல்டில் 103 லீக் ஆட்டங்கள், ரோச்டேலில் 89. நாற்பது வயதை ஒட்டி ஆடிய ஆட்டங்கள் அவை. அந்தப் பத்தியை இந்த எண்களிலிருந்து தொடங்கி மறுபடி எழுதச் சொல்லி, கட்டுரையை அந்த இளைஞருக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.