ஜிக் தூண்டிலுக்கு முயல் தோல் பட்டை: தேர்வும் பக்குவமும்

தூண்டில் முள்ளில் நரம்பு கட்டும் கண்ணருகே ஈயத் தலை வைத்து வார்த்ததே ஜிக். எடை முழுவதும் முன்புறம் இருப்பதால், நரம்பைச் சுண்டும்போது அது மேலெழும்பும். தளர விட்டால் தலைகீழாக இறங்கும். முள்ளின் முனையோ எப்போதும் மேல்நோக்கியே இருக்கும். இந்த ஏற்ற இறக்கத்தில் உயிருள்ளதுபோல் நெளிவதற்கு, தோலோடு சேர்த்து நறுக்கிய முயல் ரோமப் பட்டையைவிடச் சிறந்த வால் எனக்குத் தெரியவில்லை. 1907ஆம் ஆண்டு அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்த காலம் முதல் நீலகிரி நீர்நிலைகளில் வளர்ந்துவரும் ட்ரவுட் மீன் குளிர்நீரில் வாழ்வது. குளிர் மிகுந்த காலைகளில் ஜிக்கை மெதுவாகவே இழுக்க வேண்டியிருக்கும் என்பதால், வேகமில்லாமலே அசையும் பொருள் நமக்குத் தேவைப்படுகிறது. பட்டை வாங்குவோர் பெரும்பாலும் ரோமத்தின் நீளத்தையும் நிறத்தையும் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள். அசைவைத் தீர்மானிப்பது ரோமத்தைவிட அதைத் தாங்கும் தோல்தான். ஆகவே பட்டையைக் கையில் எடுத்ததும் முதலில் திருப்பிச் சதைப்புறத்தைப் பாருங்கள்.

தோல் எங்கே கிடைக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பழனி மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய அரசின் செம்மறியாடு ஆராய்ச்சி மையத்தில் வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா ஆகிய முயல் இனங்கள் வளர்க்கப்பட்டு வந்துள்ளன. மலைப்பகுதிகளில் கறிக்காக முயல் வளர்ப்போரும் இருக்கிறார்கள். கறிக்குப் போகும் முயலின் தோல் பெரும்பாலும் வீணாகவே போகிறது என்பதால், முன்கூட்டிச் சொல்லிவைத்தால் எளிதில் கிடைக்கும். காட்டு முயலின் தோலை மட்டும் எவர் கொடுத்தாலும் தொடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதை வேட்டையாடுவது குற்றம்.

கறிக்காக அறுக்கப்படும் முயல்கள் பெரும்பாலும் மூன்று மாதக் குட்டிகள். அவற்றின் தோல் மெல்லியது, எளிதில் கிழியும். ரோமமும் அடர்த்தி குறைந்தது. சிறு ஜிக்குகளுக்கான ஒடுக்கமான பட்டைக்கு இது போதும், சில வேளைகளில் இதுவே மேல். அகலமான வாலுக்கு ஐந்தாறு மாதம் கடந்த, முழு ரோமம் விட்ட முயலின் தோல் வேண்டும். முதிர்ந்த ஆண் முயலின் தோல், குறிப்பாகக் கழுத்துப் பகுதியில், தடித்திருக்கும். அதில் வெட்டிய பட்டை தண்ணீரில் குச்சிபோல் நிற்குமேயன்றி நெளியாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் உறைபனி விழும் மாதங்களில் உரித்த தோலில் அடிமயிர் நெருக்கமாக இருக்கும். நிறமுள்ள முயலாயின் சதைப்புறத்தில் கருநீலத் திட்டுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். அந்த இடங்களில் ரோமம் இன்னும் முளைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள், அது விரைவில் உதிரும். சதைப்புறம் முழுவதும் ஒரே வெளிர்நிறமாக இருக்கும் தோலே பக்குவமானது. வெள்ளை முயலில் இத்திட்டுகள் தெரியாது. அதற்கு ஒரு சிட்டிகை ரோமத்தைப் பிடித்து மிதமாக இழுத்துப் பார்ப்பதே வழி.

இனிப் பதனிடுதல். இதில் செலவிடும் பொறுமைதான் பின்னால் தண்ணீரில் தெரியும். உரித்த தோலை உடனே குளிர்நீரில் அலசி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் கல்லுப்பும் 60 கிராம் படிகாரமும் கரைத்த நீரில், உலோகமல்லாத வாளியில் இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிறகு சதைப்புறத்துச் சவ்வையும் கொழுப்பையும் ஒரே ஏடாக உரித்தெடுக்க முடியும். எடுத்தபின் புதிதாகக் கரைத்த அதே அளவு நீரில் ஒரு வாரம் வைத்து, தினமும் இருமுறை புரட்டிவிடுங்கள். எடுத்து அலசி, நிழலில் தொங்கவிட்டு, பாதி காய்ந்த நிலையில் பலகையின் விளிம்பில் சதைப்புறத்தை வைத்து முன்னும் பின்னும் இழுத்துத் தேயுங்கள். வெதுவெதுப்பான நீரில் அடித்த முட்டை மஞ்சள் கருவைச் சதைப்புறத்தில் மட்டும் தடவினால் தோல் இளகும். முழுதும் காயும்வரை இடைவிடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால்தான் தோல் வெண்மையாகி மெத்தென்றாகும். இந்த வேலையைப் பாதியில் விட்டால் அது அப்பளம்போல் விறைத்துவிடும். அடுப்பங்கரையிலோ வெயிலிலோ காயவைக்கக் கூடாது. ஊறவைத்த உப்புநீரைச் சோலை ஓடைகளில் கொட்டாமல் இருப்பது, அதே ஓடைகளில் மீன் தேடும் நம் கடமை.

படிகாரப் பதத்துக்கு ஒரு குறை உண்டு. நீண்ட நேரம் நீரில் ஊறினால் படிகாரம் கரைந்து வெளியேறி, காய்ந்தபின் தோல் விறைக்கத் தொடங்கும். ஒரு பருவம் வந்தால் போதும் என்போருக்கு இது பொருட்டல்ல. நீடித்து உழைக்க வேண்டுமென்றால் மரப்பட்டைச் சாற்றுப் பதம் சிறந்தது: சமவெளியில் தொன்றுதொட்டு ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்டு வந்தார்கள், நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சீகை என்று வழங்கும் வாட்டில் மரத்தின் பட்டையும் அதே வேலைக்காகவே மலையிறங்கியது. காய்ச்சி ஆறவைத்த சாற்றை முதலில் நீர்க்கவும் பின்னர் படிப்படியாகக் கெட்டியாகவும் சதைப்புறத்தில் பல நாள் தடவி வர வேண்டும். தொடக்கத்திலேயே கெட்டிச் சாறு பட்டால் மேல்பரப்பு இறுகி, உள்ளே பச்சையாகவே நின்றுவிடும். ரோமத்தில் பழுப்பு ஏறும், ஆனால் ட்ரவுட்டுக்கு அந்தப் பழுப்பே பொருத்தமான நிறம் என்பது என் துணிபு. குரோமிய உப்பால் பதனிடும் குரோம் பதம் வெந்நீரையும் தாங்கும். அது தொழிற்சாலைக்குரியது, வீட்டில் முயலத் தக்கதல்ல.

எந்தப் பதமானாலும், ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி இரவு முழுவதும் நீரில் போட்டு, மறுநாள் நிழலில் காயவைத்து மடித்துப் பாருங்கள். மடியும் இடத்தில் வெடிப்பில்லாமல் துணிபோல் வளைந்தால் அந்தத் தோல் ஜிக்குக்கு ஆகும். கடையில் வாங்கிய பட்டைக்கும் இதே சோதனைதான்.

வெட்டும் திசை இரண்டு வகை. தலையிலிருந்து வால் நோக்கி, ரோமம் சாயும் வாக்கிலேயே வெட்டினால் நீளவாக்குப் பட்டை. இது ஜிக்கின் வாலுக்கும் முதுகுக்கும் உரியது. அதற்குக் குறுக்காக வெட்டினால் கிடைப்பது சுற்றுவதற்கான பட்டை. முள்ளின் தண்டைச் சுற்றிவரும்போது ரோமம் தானாகவே பின்னோக்கிப் படியும். இரண்டையும் மாற்றிப் பயன்படுத்தினால் ரோமம் பக்கவாட்டில் விரிந்து நிற்கும். பொதுவான அகலம் 3 மில்லிமீட்டர். சிறு ஜிக்குக்கு இதில் பாதியும், பெரிய மீனுக்கான கனத்த ஜிக்குக்கு 6 மில்லிமீட்டரும் சரியாக இருக்கும். தோலின் முதுகுப் பகுதியை ஜிக்கின் வாலுக்கும், குட்டையான மென்ரோமமுள்ள வயிற்றுப் பகுதியைச் சுற்றுவதற்கும் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

கத்தரிக்கோல் வேண்டாம், அது தோலோடு ரோமத்தையும் நறுக்கிவிடும். சதைப்புறத்தில் அளவுகோல் வைத்துப் பேனாவால் கோடுகள் இட்டு, ஒரு முனையைப் பலகையில் ஊசியால் குத்தி நிறுத்தி, மறுமுனையை இடக்கையால் தூக்கிப் பிடித்து, புதிய சவர பிளேடின் நுனியால் தோலின் கனம் மட்டும் அறுபடும்படி இழுங்கள். தோல் அந்தரத்தில் இழுபட்டு நிற்க வேண்டும். பலகையில் அழுந்தினால் அடியிலுள்ள ரோமம் அறுபடும். பிளேடு மழுங்கினால் உடனே மாற்றுங்கள்.

சாயம் ஏற்ற விரும்பினால், ஷாம்பு நீரில் எண்ணெய்ப் பசை போக அலசியபின், கம்பளிக்குரிய அமிலச் சாயத்தை வினிகர் சேர்த்து வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஏற்றுங்கள். கைபொறுக்காத சூட்டில் தோல் சுருங்கிப் போகும்.

கட்டும்போது, வால் முள் தண்டின் நீளத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை மடங்கு இருக்கட்டும். அதற்கு மேல் போனால் வீசும்போது முள்ளின் வளைவில் சுற்றிக்கொள்ளும். வால் நுனியில் தோலை மட்டும் கூம்பாகச் செதுக்கினால் அசைவு நுனிவரை செல்லும். விரலை ஈரமாக்கி ரோமத்தை இருபுறமும் வகிர்ந்து, நூல் விழும் இடத்தில் வெறும் தோல் தெரியச் செய்து, அங்கே இறுக்கிக் கட்டி ஒரு துளி பசை இடுங்கள். ரோமத்தின்மேல் சுற்றிய நூல் விரைவில் வழுக்கும். ஜிக் நீரில் முனை மேல்நோக்கியே செல்லும் என்பதை மறவாமல், முதுகுப் பட்டையாக வைப்பதானால் முள் முனை தோலைத் துளைத்து வெளிவரும்படி முனையிருக்கும் பக்கத்திலேயே அமைக்க வேண்டும்.

முயல் ரோமம் நீரை வெகுவாக உறிஞ்சும். முதல் வீச்சுக்கு முன் ஜிக்கை நனைத்துப் பிழிந்துகொண்டால், கரையிலிருந்து அடுத்தடுத்த வீச்சுகள் ஒரே எடையில் செல்லும். திரும்பியதும் நன்கு உலர்த்திய பின்பே பெட்டியில் வையுங்கள். ஈரத்தோடு மூடினால் முள் துருவேறும், மலையின் மழைமாதங்களில் தோலிலும் பூஞ்சை பிடிக்கும். மீதமுள்ள பட்டைகளைக் காற்றுப் புகாத உறையில் போட்டு, சேமிக்கும் முன் சில நாள் உறைபெட்டியில் வைத்தெடுத்தால் அந்துப்பூச்சியின் புழு அழியும்.