உழவர் சந்தையில் பச்சை மொச்சை வாங்கும்போது

மார்கழி பிறந்தால் உழவர் சந்தையில் பச்சை மொச்சை குவியும். காலை 7 மணிக்குள் போய்விடுங்கள். வெயில் ஏறினால் காய் வதங்கிவிடும். விலைப்பலகையைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

காயை விரலால் நெருடினால் பருப்பு திரண்டு தட்டுப்பட வேண்டும். தோல் மஞ்சளித்தது முற்றல், வேக நேரமாகும். ஊசி முனையளவு ஓட்டை தெரிந்தாலும் ஒதுக்குங்கள், உள்ளே புழு இருக்கும். உரித்தால் பாதி எடை தோலில் போய்விடும்; 4 பேர் குழம்புக்கு 1 கிலோ காய் வாங்கலாம்.

ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், வேர்த்துப் பிசுபிசுக்கும். துணிப்பைதான் சரி. பருப்பின் மேல்தோலையும் நீக்கிய பிதுக்குப் பருப்பு வேண்டுமென்றால் உரித்ததை இரவே ஊறப்போடுங்கள். காலையில் அழுத்தினாலே அந்த மேல்தோல் வழுக்கிக்கொண்டு வரும்.