பவர் பிஐ அறிக்கையை வெளியிட்டுத் தானாகப் புதுப்பிக்க வைப்பது எப்படி?

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் கணக்குகளைக் கொண்டு பவர் பிஐ டெஸ்க்டாப்பில் (தரவுகளை வரைபட அறிக்கைகளாக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) ஓர் அறிக்கை தயாரித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது உங்கள் கணினிக்குள்ளேயே இருந்தால், தினமும் காலையில் நீங்களே ரெஃப்ரெஷ் அழுத்தி, திரையைப் படமெடுத்து முதலாளியின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த வேலையை இணையச் சேவையிடம் ஒப்படைக்கும் முறையை இங்கே பார்க்கலாம்.

வெளியிடுவது எளிது. நிறுவனத்தின் பெயரில் உள்ள மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து (சொந்த ஜிமெயில் முகவரி இதற்குச் செல்லாது), ஹோம் பட்டையில் உள்ள பப்ளிஷ் பொத்தானை அழுத்தி, எந்த ஒர்க்ஸ்பேஸில் (அறிக்கைகளைச் சேர்த்து வைக்கும் இணைய இடம்) வைப்பது என்று தேர்ந்தெடுத்தால் போதும். ‘மை ஒர்க்ஸ்பேஸ்’ உங்கள் சோதனைக்கு மட்டும் இருக்கட்டும். பலரும் பார்க்க வேண்டிய அறிக்கைக்குத் தனி ஒர்க்ஸ்பேஸ் தொடங்குங்கள். சாதாரணமாக, வெளியிடுபவருக்கும் பார்ப்பவருக்கும் புரோ உரிமம் வேண்டும். உரிமச் செலவை மிச்சம் பிடிக்க ‘பப்ளிஷ் டு வெப்’ வழியை நாட வேண்டாம். அந்த இணைப்பு கிடைத்த எவரும் உள்நுழையாமலேயே உங்கள் பையர் (சரக்கு வாங்குபவர்) விவரங்களையும் விலையையும் பார்த்துவிட முடியும்.

வெளியிட்டதும் அறிக்கையும் அதற்கு அடிப்படையான தரவுத் தொகுப்பாகிய செமான்டிக் மாடலும் தனித்தனியே தோன்றும். முன்பு டேட்டாசெட் என்று அழைக்கப்பட்ட இந்த மாடலின் செட்டிங்ஸ் பக்கத்தில்தான் இனி வரும் வேலை முழுவதும் இருக்கிறது. டெஸ்க்டாப்பில் கொடுத்த கடவுச்சொற்கள் அதனுடன் சேர்ந்து வருவதில்லை. ‘டேட்டா சோர்ஸ் கிரெடென்ஷியல்ஸ்’ பகுதியில் மீண்டும் கொடுக்க வேண்டும். பிறகு அறிக்கையைத் திருத்தி வெளியிடும்போது கோப்பின் பெயரை மாற்றாதீர்கள்; மாற்றினால் பழையதன் மேல் பதியாமல் புதிதாக ஒரு மாடல் உருவாகும், தானாகப் புதுப்பிக்க நீங்கள் வைத்த நேர அட்டவணையோ பழைய மாடலிலேயே தங்கிவிடும்.

அடுத்தது, பெரும்பாலானோர் தடுமாறும் கேட்வே. உற்பத்திக் கணக்கு அலுவலகத்து எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தளத்தில் இருந்தால், இணையத்தில் உள்ள பவர் பிஐயால் அதை நேரடியாக எட்ட முடியாது. இரண்டுக்கும் நடுவே ஆன்-பிரமிசஸ் டேட்டா கேட்வே என்ற மென்பொருளை நிறுவ வேண்டும். பெர்சனல் மோடைத் தவிர்த்து ஸ்டாண்டர்டு மோடில் நிறுவுவது நல்லது, ஏனெனில் அது விண்டோஸ் சர்வீஸாக ஓடுவதால் யாரும் உள்நுழைந்திருக்க வேண்டிய அவசியமில்லை. மாலையில் பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துச் செல்லும் லேப்டாப்பில் அதை நிறுவாமல், எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் நிறுவி, ஸ்லீப் அமைப்பை அணைத்துவிடுங்கள். நிறுவும்போது கேட்கும் ரெக்கவரி கீயை எழுதிப் பத்திரப்படுத்துங்கள். கணினி பழுதானால் கேட்வேயை வேறொன்றுக்கு மாற்ற அது தேவைப்படும்.

கேட்வேயில் பதியும் சர்வர் பெயரும் டேட்டாபேஸ் பெயரும் டெஸ்க்டாப்பில் கொடுத்தவற்றுடன் அப்படியே ஒத்திருக்க வேண்டும். ஓரிடத்தில் கணினியின் பெயரையும் மற்றோரிடத்தில் ஐபி எண்ணையும் கொடுத்தால், இரண்டும் ஒரே இயந்திரம்தான் என்பது பவர் பிஐக்குத் தெரியாது.

டையிங்குக்குத் துணி அனுப்பிய டெலிவரி சலான் கணக்கு பல கம்பெனிகளில் எக்செல்லில்தான் இருக்கிறது. அந்தக் கோப்பை ஷேர்பாயிண்டிலோ நிறுவன ஒன்டிரைவிலோ வைத்தால் அதற்குக் கேட்வே தேவையில்லை. ஆனால் அதை இணைய முகவரி வழியே இணைக்க வேண்டும். கணினியில் சிங்க் ஆகியிருக்கும் ஃபோல்டரிலிருந்து எடுத்தால், கோப்பு ஒன்டிரைவில் இருந்தும் பவர் பிஐ அதை உள்ளூர்க் கோப்பாகவே கருதிக் கேட்வே கேட்கும்.

இனி அட்டவணை. செட்டிங்ஸில் ‘ரெஃப்ரெஷ்’ பகுதியை இயக்கியதும் முதலில் நேர மண்டலத்தைப் பாருங்கள். அது யுடிசியிலேயே (உலகப் பொது நேரம்) இருந்தால், காலை 8 மணி என்று நீங்கள் வைத்தது நம் நேரப்படி பிற்பகல் 1.30க்குத்தான் ஓடும், ஆகவே சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டெல்லி என்று சேர்த்து எழுதியிருக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். புரோ உரிமத்தில் நாளொன்றுக்கு 8 முறையும், அதைவிட உயர்ந்த பிரீமியம் உரிமத்தில் 48 முறையும் நேரம் வைக்கலாம். கிடைக்கிறதே என்று எட்டையும் நிரப்புவதில் பயன் இல்லை. நைட் ஷிஃப்ட் உற்பத்தியைச் சூப்பர்வைசர் காலை 7.30க்குப் பதிந்து முடிக்கிறார் என்றால், 6 மணிக்கு ஓடும் ரெஃப்ரெஷ் முந்தைய நாள் கணக்கையே புதுத் தேதியுடன் காட்டும். பதிவு முடியும் நேரத்தைக் கேட்டறிந்து அதற்குப் பின் வையுங்கள். குறித்த நேரத்துக்குக் கால் மணிக்குள் தொடங்குவதே வழக்கம் என்றாலும், ஒரு மணி நேரம் வரை தாமதமாகவும் வாய்ப்புண்டு; 9.30 மணிக் கூட்டத்துக்கு 8 மணி பொருத்தமானது. செவ்வாய்க்கிழமை ஈரோடு ஜவுளிச் சந்தைக்குச் சரக்கு அனுப்புவோருக்கு வாரம் ஒருமுறை போதுமென்றால், வீக்லி என்பதைத் தேர்ந்து திங்கட்கிழமையை மட்டும் குறிக்கலாம்.

அட்டவணையைச் சேமித்ததும் ‘ரெஃப்ரெஷ் நவ்’ அழுத்தி ஒருமுறை கையால் ஓட்டிப் பார்த்து, ரெஃப்ரெஷ் ஹிஸ்டரியில் அது வெற்றி பெற்றதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரத்தை நிறுத்தும் நாளில், யுபிஎஸ் தீர்ந்ததும் கேட்வே கணினி அணைந்துவிடும், ரெஃப்ரெஷும் தோற்கும். தொடர்ந்து நான்கு முறை தோற்றால் பவர் பிஐ அட்டவணையையே நிறுத்திவிடும். மின்சாரம் வந்தாலும் அது தானாகத் தொடங்காது, நீங்கள்தான் மீண்டும் இயக்க வேண்டும். இரண்டு மாதங்கள் யாரும் அறிக்கையைத் திறக்காவிட்டாலும் அட்டவணை நின்றுபோகும். தோல்வி பற்றிய மின்னஞ்சல் மாடலின் உரிமையாளருக்கு மட்டுமே போகாமல், அதே செட்டிங்ஸ் பக்கத்தில் கணக்குப் பிரிவில் தினமும் மெயில் பார்க்கும் ஒருவரின் முகவரியையும் சேர்த்து வையுங்கள்.